இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் துத்தநாகம்

ஸ்டியரிக் அமிலம் உருக 69 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஒலியிக் அமிலத்துக்கு 13 டிகிரி போதும். இரண்டிலும் கார்பன் 18தான். ஒலியிக் அமிலத்தில் ஒன்பதாவது, பத்தாவது கார்பன்கள் ஆளுக்கொரு ஹைட்ரஜனை இழந்து தமக்குள் இரட்டைப் பிணைப்பு போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்தில் சங்கிலி வளைகிறது. வளைந்த சங்கிலிகள் நெருங்கி அடுக்கி உட்கார முடியாது, அதனால் உறையவும் முடியாது. மார்கழிக் காலையில் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கட்டியாகக் கிடக்கும்போது நல்லெண்ணெய் தளதளவென்று ஊற்ற வருவதற்குப் பெரும்பாலும் இந்த இரட்டைப் பிணைப்புகளே காரணம்.

நம் உடலின் வெப்பம் 37 டிகிரி. நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களை மட்டும் வைத்துச் செல் சவ்வு கட்டினால் அது விறைத்துப்போகும். ஆகவே ஒவ்வொரு பாலூட்டியும் தன் சங்கிலிகளில் ஒரு பகுதியை வளைத்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதி ஸ்டியரோயில் துணைநொதி ஏ டீசாச்சுரேஸ். ஆய்வுக்கூடங்களில் அதை எஸ்.சி.டி.1 என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இந்த நொதியைப் பற்றிய அறிவில் பெரும்பங்கு சுண்டெலியிடமிருந்து வந்தது. உடலெங்கும் இந்த மரபணு இல்லாத சுண்டெலி ஒருபுறம், சுண்டெலியின் மரபணுவை வேறொரு செல்லில் புகுத்தித் தயாரித்த மறுசேர்க்கைப் புரதம் மறுபுறம். இரண்டுமே ஆய்வாளர்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தன. இரண்டுமே அவர்களை ஒரு கட்டத்தில் தவறான பக்கம் கூட்டிப்போயின என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் வேதியியல். கொழுப்புச் சங்கிலியின் நடுப்பகுதியில் வினைபுரிய வசதியான பிடி எதுவும் கிடையாது. ஒரே மாதிரியான கார்பன்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் ஹைட்ரஜன் பிணைப்புகளோ வலுவானவை. அதில் குறிப்பாக ஒன்பதையும் பத்தையும் மட்டும் தேர்ந்து ஹைட்ரஜனைப் பறிக்க வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் இல்லாமல் இது நடக்காது என்பதைக் கொன்ராட் பிளாக்கின் குழு 1960ஆம் ஆண்டு ஈஸ்ட்டில் காட்டியது. ஆக்சிஜனைத் தூண்டிவிட எலக்ட்ரான்கள் வேண்டும். அவை என்.ஏ.டி.எச். மூலக்கூறிலிருந்து புறப்பட்டு, சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் வழியாகச் சைட்டோகுரோம் பி5-க்கு வந்து, அங்கிருந்து எஸ்.சி.டி.1-ஐ அடைகின்றன. ஒவ்வொரு இரட்டைப் பிணைப்புக்கும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகி இரண்டு நீர் மூலக்கூறுகள் வெளியேறுகின்றன. கவனிக்க: இதில் செல்லுக்கு ஆற்றல் லாபம் எதுவும் இல்லை. கையிலிருப்பதைச் செலவழித்துத்தான் செல் ஒரு சங்கிலியை வளைக்கிறது.

இந்த நொதியைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அது செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலைச் சவ்வில் புதைந்திருக்கிறது. சவ்வைக் கலைத்தால் நொதியும் கலைகிறது. போதாததற்கு ஆயுளும் குறைவு: கல்லீரலில் உள்ள மொத்த நொதியில் பாதி மூன்று நான்கு மணி நேரத்தில் அழிந்துவிடும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் ஸ்ட்ரிட்மேட்டர் குழு 1974ஆம் ஆண்டு பெரிய எலியின் கல்லீரலிலிருந்து அதைத் தூய்மையாகப் பிரித்தது. அதற்குக் கையாண்ட முன்னேற்பாடு அழகானது. எலிகளைப் பட்டினி போட்டு, பிறகு கொழுப்பே இல்லாத மாவுச்சத்து உணவைத் தின்னக் கொடுத்தால் கல்லீரல் அவசர அவசரமாக மாவைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கும். அப்போது இந்த நொதியின் அளவு பல மடங்கு ஏறும். ஏறிய நேரம் பார்த்துக் கல்லீரலை எடுக்க வேண்டும். அப்படிக் கிடைத்த புரதத்தில் ஹீம் சாராத இரும்பு இருந்தது. அதை நீக்கினால் நொதி செத்தது. மூலக்கூறுக்கு ஓர் இரும்பணு என்று அவர்கள் அளந்தார்கள். உண்மையில் இரண்டு இருக்க வேண்டும் என்பது பின்னர் தெரிந்தது. ஆக, இந்த நொதியின் உலோகத்தைக் கணக்கெடுப்பதில் தொடக்கத்திலேயே ஒரு குறை இருந்தது. அது மறுபடியும் வரும்.

மரபணுக் காலம் 1980களில் தொடங்கியது. பெரிய எலியின் எஸ்.சி.டி. மரபணு வரிசை 1986ஆம் ஆண்டு வெளிவந்தது. சுண்டெலியின் வரிசையை 1988இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் லேனின் கூடத்திலிருந்து வெளியிட்டவர் ஜேம்ஸ் ன்டாம்பி. உகாண்டாவில் பிறந்து மகெரேரே பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போனவர். அவர் இந்த மரபணுவைத் தேடிப் போகவில்லை என்பது சுவையான செய்தி. 3டி3-எல்1 என்ற சுண்டெலிச் செல்வழி ஒன்று உண்டு. தட்டில் ஒல்லியாக, நீட்டுநீட்டாகக் கிடக்கும் அச்செல்களுக்கு ஹார்மோன் கலவை ஒன்றைக் கொடுத்தால் சில நாட்களில் உருண்டு திரண்டு உள்ளே எண்ணெய்த் துளிகளைச் சேர்க்கத் தொடங்கும். முழு அளவுக் கொழுப்புச் செல்லாகிவிடும். இந்த மாற்றத்தின்போது எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று பார்த்தபோது சிக்கியவற்றில் ஒன்றுதான் எஸ்.சி.டி.1. பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சொந்தக் கூடம் அமைத்த ன்டாம்பி, தன் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இந்த ஒரு நொதிக்கே கொடுத்தார்.

சுண்டெலிக்கு இதில் நான்கு வடிவங்கள் உண்டு, நான்குக்கும் மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமில் அருகருகே உள்ளன. மனிதருக்கோ இரண்டுதான்: எஸ்.சி.டி.1, எஸ்.சி.டி.5. இரண்டாவதற்கு ஈடானது சுண்டெலியிடம் இல்லை. இந்த வேறுபாட்டை அன்று பலரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுசேர்க்கை முறை முதலில் பலன் தந்தது ஈஸ்ட்டில். ஈஸ்ட்டின் சொந்த டீசாச்சுரேஸ் மரபணுவை அழித்துவிட்டால், ஊடகத்தில் ஒலியிக் அமிலம் போன்ற நிறைவுறாத கொழுப்பைக் கலந்து கொடுத்தாலொழிய அது பிழைக்காது. ஆனால் எலியின் மரபணுவைப் புகுத்திவிட்டால் பிழைத்துக்கொள்ளும். இந்தச் சோதனையைப் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் ஜான் ஷாங்க்ளின் 1994ஆம் ஆண்டு ஒரு கேள்விக்குப் பயன்படுத்தினார்: இந்த நொதியில் இரும்பைப் பிடித்து வைத்திருப்பது எது? நொதியின் வரிசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் குறிப்பிட்ட இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அப்படி வரும் எட்டு ஹிஸ்டிடின்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். எட்டில் எதை மாற்றினாலும் ஈஸ்ட் வளரவில்லை. ஒரு படிகமும் இல்லாமல், நுண்ணோக்கியில் எதையும் பார்க்காமல், தட்டில் ஈஸ்ட் வளர்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து ஒரு நொதியின் உலோக மையத்தைத் தொட்டுக்காட்டிய வேலை இது. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

இனி சுண்டெலிக்கு வருவோம். எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லாமல் பிறக்கும் சுண்டெலி ஒன்றை கேட்ஸ், கராசெக் இருவரும் 1965ஆம் ஆண்டு அறிவித்தார்கள். அசீபியா என்று அதற்குப் பெயர். முடி உதிர்ந்து தோல் தடித்துச் செதிலாகும். கண்ணைத் திறக்கவே சிரமப்படும், ஏனென்றால் இமைச் சுரப்பிகளும் சுரப்பதில்லை. தோல் நோயியலாளர்களைத் தவிர அதை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 34 ஆண்டுகள் கழித்து, 1999இல், அதன் கோளாறு எஸ்.சி.டி.1 மரபணுவில் இருப்பது தெரியவந்தது. அதன் பிறகு தோல் பின்னுக்குப் போனது, கொழுப்பு முன்னுக்கு வந்தது.

இரண்டு ஆய்வுகள் 2002ஆம் ஆண்டு வெளிவந்தன. ன்டாம்பியின் குழு, இந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் மற்றவற்றைவிட அதிகமாகத் தின்றும் உடம்பு வைக்கவில்லை என்று காட்டியது. ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனை 1994இல் கண்டறிந்தவர்கள் அவர்கள். லெப்டின் இல்லாத சுண்டெலி பந்துபோல் பருத்துவிடும். அதற்கு லெப்டின் கொடுத்தால் கல்லீரலில் எவ்வெவ்வற்றின் அளவு சரிகிறது என்று பார்த்தபோது எஸ்.சி.டி.1 முன்னணியில் நின்றது. அசீபியா மரபணுவையும் லெப்டின் குறைபாட்டையும் ஒரே சுண்டெலியில் சேர்த்தபோது, லெப்டின் இல்லாமலேயே பருமன் வெகுவாகக் குறைந்தது, கொழுப்பேறிய கல்லீரலும் தெளிந்தது. மருந்து நிறுவனங்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தின்றாலும் பருக்காத உடம்பு, அதற்குப் பின்னால் ஒற்றை நொதி, அடக்குவதற்கு வசதியாக அந்த நொதிக்குள் ஓர் உலோகக் குழி. அடுத்த பத்தாண்டுகளில் பல நிறுவனங்கள் எஸ்.சி.டி. தடுப்பிகளைத் தேடி இறங்கின.

அப்போது கேட்டிருக்க வேண்டிய எளிய கேள்வி: தின்ற ஆற்றலெல்லாம் எங்கே போயிற்று? இந்தச் சுண்டெலிகள் மற்றவற்றைவிட அதிக ஆக்சிஜன் எடுத்துக்கொண்டன, அதிகமாகக் கொழுப்பை எரித்தன. ஏன் எரித்தன? ஜெர்மனியின் கொலோனிலிருந்து 2007இல் வந்த ஆய்வு விடையைத் தோலில் காட்டியது. எண்ணெய் சுரக்காத தோல் நீரையும் வெப்பத்தையும் கசியவிடுகிறது. வெளியேறும் வெப்பத்தை ஈடுகட்ட உடல் ஓயாமல் எரிக்கிறது. இதை உறுதிசெய்த முடிவு 2009ஆம் ஆண்டு ன்டாம்பியின் கூடத்திலிருந்தே வந்தது. தோலில் மட்டும் எஸ்.சி.டி.1-ஐ நீக்கினாலும் கொழுப்பு உணவைத் தின்னும் சுண்டெலி பருக்கவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன் அதே கூடம் கல்லீரலில் மட்டும் நீக்கிப் பார்த்திருந்தது. அந்தச் சுண்டெலிகள் மாவும் சர்க்கரையும் மிகுந்த உணவிலிருந்து தப்பின. கொழுப்பு மிகுந்த உணவிலிருந்து தப்பவில்லை.

சுண்டெலியின் வெப்பச் சமநிலை ஏறத்தாழ 30 டிகிரி. அந்த வெப்பத்தில்தான் அது குளிருக்காகத் தனியே எரிக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூட விலங்கு அறைகளோ வேலை பார்க்கும் மனிதரின் வசதிக்கு 20 முதல் 22 டிகிரியில் வைக்கப்படுகின்றன. அதாவது சாதாரணச் சுண்டெலியே அங்கே குளிரில்தான் வாழ்கிறது. முடியும் எண்ணெயும் இல்லாத சுண்டெலியை அங்கே விட்டால் அது மெலியாமல் என்ன செய்யும்? உடை உடுத்தி, போர்த்திக்கொண்டு வாழும் மனிதருக்கு இந்த மெலிவு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை மருந்துத் தேடல் தொடங்கும்முன்பே கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் கல்லீரல் முடிவு அப்படிப் புறந்தள்ளக்கூடியது அல்ல. மாவுச்சத்தைக் கொழுப்பாக்கும் பாதையில் இந்த நொதி உண்மையாகவே நடுநாயகம். சர்க்கரை மிகுந்த உணவால் கல்லீரலில் கொழுப்பேறும் நோய்க்கு அது இன்னும் பொருத்தமான இலக்குதான்.

இன்னொரு எச்சரிக்கை மணியும் அதே ஆண்டுகளில் அடித்தது. ரத்தக்குழாயில் கொழுப்புப் படியும் வகைச் சுண்டெலிகளில் எஸ்.சி.டி.1-ஐ அடக்கியபோது உடல் மெலிந்தது, இன்சுலின் நன்றாக வேலை செய்தது, ஆனால் ரத்தக்குழாய்ப் படிவு குறைவதற்குப் பதில் கூடியது. இரண்டு குழுக்கள் 2008, 2009ஆம் ஆண்டுகளில் தனித்தனியே இதைக் கண்டன. வளைக்கப்படாத நிறைவுற்ற சங்கிலிகள் தேங்கி அழற்சியைத் தூண்டுவதே காரணமாக இருக்கலாம். எடை குறைந்தால் இதயத்துக்கு நல்லது என்ற பொதுக் கணக்கு இந்த நொதியிடம் செல்லுபடியாகவில்லை.

மறுசேர்க்கை நொதியின் பெரிய வெற்றி 2015இல் வந்தது. ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியின் மிங் ஷோ குழு, பூச்சிச் செல்களில் சுண்டெலியின் எஸ்.சி.டி.1-ஐத் தயாரித்துப் படிகமாக்கி 2.6 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் அதன் வடிவத்தை வெளியிட்டது. ஏறக்குறைய அதே நேரத்தில் டகேடா நிறுவனத்தின் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் மனித நொதியின் வடிவத்தை வெளியிட்டார்கள். இரண்டும் ஒரே தோற்றம்: சவ்வுக்குள் நான்கு சுருள்கள் காம்பாக நிற்க, வெளியே குடை விரித்த காளான். குடைக்குள் ஒரு நீண்ட சுரங்கம். கொழுப்புச் சங்கிலி அதற்குள் வால் முன்னே நுழைந்து படுத்திருக்கிறது, தலையான துணைநொதி ஏ வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுரங்கம் நேராக இல்லை. நடுவில் சட்டென்று ஒரு முடக்கு. அந்த முடக்கில் வந்து நிற்பவை சரியாக ஒன்பதாவது, பத்தாவது கார்பன்கள். ஏன் ஒன்பது, ஏன் எப்போதும் ஒரே பக்கம் வளைவு என்று அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குச் சுரங்கத்தின் கோணமே பதில் சொல்லிவிட்டது. ஷாங்க்ளின் சொன்ன எட்டு ஹிஸ்டிடின்களும் உலோக மையத்தைச் சூழ்ந்து நின்றன. ஒன்பதாவதாக இன்னொன்றும் இருந்தது.

உலோகங்களும் இரண்டு இருந்தன. ஆனால் அவை இரும்பு அல்ல, துத்தநாகம்!

சுண்டெலி நொதி, மனித நொதி இரண்டிலும் இதே கதை. காரணம் புரியாத புதிர் அல்ல. ஒரு செல்லைக் கட்டாயப்படுத்தி ஒரே புரதத்தை மலைபோலச் செய்யவைக்கும்போது, அத்தனைக்கும் இரும்பு கொடுக்கச் செல்லால் முடிவதில்லை. ஹிஸ்டிடின்களுக்கோ துத்தநாகத்தின் மீது நல்ல பிடிப்பு. காலியாக இருக்கும் இடத்தில் அது வந்து உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்து வடிவத்தைக் காப்பாற்றுகிறது, வேலை மட்டும் செய்வதில்லை. இரும்பு எலக்ட்ரானை வாங்கும், கொடுக்கும். துத்தநாகம் இரண்டும் செய்யாது. படிகத்தில் இருந்தது கொழுப்பைக் கவ்விப்பிடித்துக்கொண்டு எதுவும் செய்யாத நொதி.

அதனால் அந்த வடிவம் பயனற்றதாகிவிடாது. சுரங்கம் சரி, முடக்கு சரி, தடுப்பிகள் எங்கே அமரும் என்பதும் பெரும்பாலும் சரி. ஆனால் ஆக்சிஜன் எங்கே கட்டுகிறது, எலக்ட்ரான் எந்த வரிசையில் வருகிறது என்ற கேள்விகளுக்குத் துத்தநாக நொதியிடம் பதில் இல்லை. மறுசேர்க்கைப் புரதங்களை வாங்கிப் பயன்படுத்துபவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெல்லில் ஒற்றைக் கோடாகத் தெரிவது புரதம் தூய்மையானது என்பதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே எந்த உலோகம் இருக்கிறது, நொதி உயிரோடு இருக்கிறதா என்பவை வேறு கேள்விகள், வேறு சோதனைகள்.

அதே மிங் ஷோ குழு 2020ஆம் ஆண்டு குறையைச் சரிசெய்தது. பூச்சிச் செல்லை விட்டு, மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்வழியில், புரதம் உருவாகும்போதே இரும்பு சேரும்படி ஒரு முறையை வகுத்தார்கள். கிடைத்த சுண்டெலி நொதியில் இரண்டு இரும்பணுக்கள் இருந்தன. படிகத்தின் துல்லியம் 3.5 ஆங்ஸ்ட்ராமுக்கு இறங்கினாலும் இரும்பு இரும்புதான். அதோடு நிற்காமல் சைட்டோகுரோம் பி5, அதன் ரிடக்டேஸ் இரண்டையும் தனித்தனியே தயாரித்து, மூன்றையும் சோதனைக் குழாயில் சேர்த்தபோது ஒலியிக் அமிலச் சங்கிலி உருவானது.

இந்த நொதியை அடக்கும் பொருளை மருந்து நிறுவனங்களுக்கு முன்பே மரங்கள் கண்டுபிடித்துவிட்டன. நம் பக்கத்துப் பீநாறி மரத்தின் விதை எண்ணெயில் ஸ்டெர்குலிக் அமிலம் பெரும்பங்கு. இலவம் விதையிலும் பருத்திக்கொட்டையிலும் அதன் உறவுப் பொருட்கள் சிறிதளவு உண்டு. ஒலியிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் அதே ஒன்பது, பத்து இடத்தில் ஸ்டெர்குலிக் அமிலத்துக்கு மூன்று கார்பன் சேர்ந்த இறுக்கமான வளையம் இருக்கிறது. சுரங்கத்துக்குள் போய் முடக்கில் மாட்டிக்கொண்டு நொதியை முடக்கிவிடுகிறது. பருத்திக்கொட்டைத் தீவனம் தின்ற கோழி இடும் முட்டை, சில நாள் வைத்திருந்தால் வெள்ளைக்கரு இளஞ்சிவப்பாகும், மஞ்சள்கரு பிசின்போல் இறுகும். மஞ்சள்கருவின் கொழுப்பில் ஒலியிக் குறைந்து ஸ்டியரிக் கூடுவதே காரணம். கோழிப்பண்ணைக்காரர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பார்த்த கோளாறு இது, நொதியின் பெயர் தெரியாமலே.

மருந்துகளின் கதை அவ்வளவு நேர்த்தியாக இல்லை. உடல் முழுவதும் பரவும் தடுப்பிகளைச் சுண்டெலிக்குக் கொடுத்தால் அசீபியாவின் குறைகளே திரும்பி வந்தன: முடி உதிர்வு, கண் வறட்சி. அதனால் மெர்க் நிறுவனம் கல்லீரலில் மட்டும் தங்கும்படியான எம்.கே.-8245 என்ற மூலக்கூறை வடிவமைத்தது. இஸ்ரேலின் கால்மெட் நிறுவனம், பித்த அமிலத்தையும் நிறைவுற்ற கொழுப்பு அமிலத்தையும் இணைத்த அராம்கோல் என்ற மருந்தைக் கொழுப்பேறிய கல்லீரல் நோயாளிகளுக்கு 52 வாரம் கொடுத்துப் பார்த்தது. முடிவு 2021இல் வெளிவந்தது. கல்லீரல் கொழுப்பு ஓரளவு குறைந்தாலும் முன்கூட்டி வகுத்த அளவுகோலைத் தாண்டவில்லை. தோலையே இலக்காகக் கொண்ட முயற்சியும் நடந்தது. எண்ணெய்ச் சுரப்பி சுருங்கினால் முகப்பரு அடங்கும் என்பது கணக்கு. ஸெனான் நிறுவனத்தின் பூச்சுமருந்து சுண்டெலியின் சுரப்பிகளைச் சுருக்கியது. மனிதருக்குப் பூசிப் பார்த்தபோது 2017இல் தோற்றது.

இந்தத் தோல்விக்கு ஒரு விளக்கம் சொல்லலாம். மனிதத் தோலின் எண்ணெயில் மிகுந்திருக்கும் நிறைவுறாத அமிலம் ஒலியிக் அல்ல, சப்பியெனிக் அமிலம். அதில் இரட்டைப் பிணைப்பு ஆறாவது கார்பனில். அதைச் செய்வது எஃப்.ஏ.டி.எஸ்.2 என்ற வேறொரு நொதி. சுண்டெலியின் தோல் எண்ணெய் எஸ்.சி.டி.1-ஐ நம்பியிருக்கும் அளவுக்கு நம்முடையது நம்பியிருக்கவில்லை. புற்றுநோய் ஆய்விலும் இதே கிளைப்பாதை குறுக்கே வந்தது. எஸ்.சி.டி.-யை அடைத்தால் பட்டினி கிடந்து சாகும் என்று எதிர்பார்த்த சில புற்றுச்செல்கள், சப்பியெனிக் அமிலத்தைச் செய்துகொண்டு தப்பிக்கின்றன என்று 2019இல் தெரியவந்தது. பார்க்கின்சன் நோயில் நரம்புச் செல்லைக் கெடுக்கும் புரதத்தின் நச்சுத்தன்மை எஸ்.சி.டி.-யை அடக்கினால் குறைகிறது என்ற கண்டுபிடிப்பு அண்மையது. அதன்வழி வந்த ஒய்.டி.எக்ஸ்.-7739 மருந்து மனிதச் சோதனை வரை வந்தது. பலமுறை கொடுக்கும் சோதனைகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022 ஜனவரியில் நிறுத்திவைத்தது.

நோய்களை விட்டுவிட்டு நொதிக்கே திரும்பினால், அடிப்படைக் கேள்வி ஒன்று இன்னும் திறந்தே கிடக்கிறது. ஆமணக்கு விதையில் இதே ஒன்பதாவது இடத்தில் இரட்டைப் பிணைப்பைப் போடும் வேறொரு நொதி உண்டு. அது சவ்வில் புதையாமல் நீரில் கரைவது. அதன் வடிவம் 1996ஆம் ஆண்டே வெளிவந்துவிட்டது. அதில் இரண்டு இரும்பணுக்களும் நெருங்கி நிற்கின்றன, அவற்றுக்கு நடுவே குளூட்டமேட் பாலம் போட்டிருக்கிறது. ஆக்சிஜன் அந்த நெருக்கத்துக்குள் வந்து இரண்டையும் தொட்டு வினைபுரிவதை மனத்தில் காண முடிகிறது. இரண்டு நொதிகளுக்கும் பொது மூதாதை இல்லை, வேலை மட்டும் ஒன்று. சுண்டெலியின் நொதியிலோ பாலம் கிடையாது. ஹிஸ்டிடின்கள் மட்டும் சூழ, இரும்பணுக்கள் வழக்கத்தைவிட விலகி நிற்கின்றன. அவ்வளவு தூரத்தில் நிற்கும் இரண்டு அணுக்கள் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன, முதல் ஹைட்ரஜனை ஒன்பதாவது கார்பனிலிருந்து பறிப்பது எந்த இரும்பு, இரண்டாவது எலக்ட்ரான் வரும்வரை அந்த நிலை எப்படிக் கலையாமல் காத்திருக்கிறது என்பவற்றுக்கு விடை தேட, உயிருள்ள இரும்பு நொதி இப்போதுதான் கைக்குக் கிடைத்திருக்கிறது.